உள்லைட்டை அணைக்காதவள்

என் மகளுக்கு மூச்சு இளைத்த அன்று காலை எங்கள் வீட்டுக் கார் கிளம்பவில்லை. அது யாருடைய தவறு என்பதில் ஆரம்பித்து, வீட்டில் இன்று நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் விதம்வரை எல்லாம் மாறிவிட்டது.

அவளுக்கு அப்போது நான்கு வயது. மாமா, என் கணவரின் அத்தா, விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் போயிருந்தார். என் கணவர் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் மாமியும் நானும்தான். பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்ததும் இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தேன். இறங்கவில்லை. மாமி அவளைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் எரிந்து மங்கின. மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தம்கூட வரவில்லை.

பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரை எழுப்பி, அவர் சட்டை போட்டு, வண்டியை வெளியே எடுத்து வர இருபது நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மாஸ்க் போட்டபோது அவள் உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று நாள் அங்கேயே இருந்தோம். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமி அந்தக் காலையைச் சொன்னார். முதல் நாள் வந்த என் நாத்தனாரிடம், "நேத்து சாயங்காலம் இவதான் கடைசியா வண்டிய எடுத்தா. உள்லைட்ட அணைக்காம எறங்கிருப்பா போல" என்றார். அடுத்து வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் அந்த "போல" இல்லை. மூன்றாவது நாள் வந்த சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, காருக்குள் வெளிச்சம் தெரிந்ததை மாமியே சன்னல் வழியாகப் பார்த்திருந்தார்.

"பாத்தீகன்னா அப்பவே போயி அணைச்சிருக்கலாம்ல?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"நான் என்னத்தக் கண்டேன், அது என்ன லைட்டுன்னு. படிச்சவளுக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்படிச் சிரித்ததற்காக இப்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

உண்மையைச் சொன்னால், அணைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. முந்தின நாள் மாலை பால்வாடியிலிருந்து அவளை அழைத்து வரும்போதே தூங்கிவிட்டாள். ஒரு தோளில் அவள், மறு கையில் தண்ணீர் பாட்டிலும் பையும். கதவைக் காலால் தள்ளிச் சாத்தினேன். அதற்கு முன் விளக்கின் பொத்தானைத் தட்டினேனா? அந்த ஒரு கை அசைவை ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நூறு தடவை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஐம்பது தடவை அணைத்திருந்தேன், ஐம்பது தடவை அணைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாமா சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "எங்கிட்ட இருக்கட்டும்மா. ஒனக்கு எதுக்கு இந்த டென்ஷன்? எங்க போகணும்னாலும் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமா கெட்டவர் இல்லை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர். காலையில் காரிலோ பஸ்ஸிலோ சிவகாசிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அவர் இல்லாத பகல் முழுவதும், அவர் பள்ளிவாசலுக்குப் போகும் விடிகாலைகளிலும், பிள்ளைக்கு மறுபடி இளைத்தால் நான் என்ன செய்வேன் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், "அதான் சாவி இருந்தப்போ என்ன செஞ்சே?" என்று மாமி கேட்பார்.

எலக்ட்ரீசியன் வந்தார். அருப்புக்கோட்டை ரோட்டில் கடை வைத்திருப்பவர், மாமாவுக்குப் பல வருடப் பழக்கம். புது பேட்டரி போட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். "பதிமூணு காட்டுது. டைனமோ சார்ஜ் பண்ணுது பாய், அதுல ஒண்ணும் கொறையில்ல. லேடீஸ் ஓட்டுற வண்டில இது சகஜம்தான். எதையாச்சும் போட்டு விட்டுருவாக" என்றார். நான் வாசல் நிலையில் நின்று அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிமூன்று புள்ளி ஒன்று வோல்ட். எங்கேயோ அது பதினான்குக்கு மேல் இருக்கவேண்டும் என்று படித்த ஞாபகம். ஆனால் அவர் இருபது வருடமாக இதே வேலை பார்ப்பவர். நான் யார்? பேசாமல் டீ போடப் போனேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு முழுக்க நின்றிருந்த வண்டி திங்கட்கிழமை மாமாவுக்கே கிளம்பவில்லை. மூன்று வாரமாக நான் அந்தக் காரைத் தொடவேயில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கமாட்டேன். இப்போதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மாமி வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஒருதரம் அப்படி செத்துப்போனா அப்பறம் வண்டியே ராசியில்லாமப் போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

அன்று மதியம் மெயின் பஜாருக்குப் போய் எலக்ட்ரீசியன் வைத்திருந்ததுபோல ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கடைக்காரர், "சார் எந்த மாடல் கேட்டாக?" என்றார். சாரைக் கேட்டுச் சொல்வதுபோல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு வேண்டிய மாடலைக் காட்டினேன். நான் பெண்கள் கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தவள். அந்தப் படிப்பை அதன்பின் எதற்காகவும் நான் பயன்படுத்தியது கிடையாது. ஒரு மீட்டர் வாங்குவதற்கு இல்லாத சாரிடம் ஃபோன் பேசுகிற நிலையில்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாமா ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். மற்ற நாட்களிலும் லோடு இல்லையென்றால் மதியம் வீட்டில் இருப்பார். சட்டை ஆணியில் தொங்கும்; சாவி அதன் பையில் இருக்கும். என் வீட்டிலேயே நான் திருடுவதுபோல் அதை எடுத்தேன். பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி அவர் எழுவதற்கு முன், எதைக் கழற்றியிருந்தாலும் பழையபடி மாட்டிவிட்டு, திரும்பவும் அதே பையில் போட்டுவிடுவேன்.

முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணைத்தேன். எல்லாம் அணைந்து, கதவுகள் சாத்தி, சாவி வெளியே இருக்கும்போது வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்ப்பதற்கு. கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் போகும், புள்ளி பூஜ்யம் ஐந்துக்குள் இருந்தால் சகஜம். மீட்டர் புள்ளி நான்கு இரண்டு ஆம்பியர் என்று காட்டியது.

உள்லைட்டின் பல்பு ஐந்து வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட அதேதான். அப்படியென்றால் மாமி சொன்னது சரி. அந்த விளக்கு எங்கேயோ எரிந்துகொண்டிருக்கிறது. கதவு சரியாகச் சாத்தாததால் எரிகிறது. அன்றைக்கு நான் காலால் தள்ளிச் சாத்திய அதே கதவுதான். கார்க் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய் அந்தப் பல்பையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். மீட்டர் அசையவில்லை. புள்ளி நான்கு இரண்டு.

அந்தப் பல்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். வண்டியில் ஒரு விளக்கு எரிகிற அளவுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் எந்த விளக்கும் எரியவில்லை. கணக்கும் போட்டுப் பார்த்தேன். நல்ல பேட்டரியாக இருந்தால், உள்லைட் ஒரு ராத்திரி முழுக்க எரிந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். காலையில் வண்டி கிளம்பியிருக்கும். நான் அணைத்தேனா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இத்தனை நாள் அந்த ஒரு கை அசைவை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். லைட், ஹாரன், ரேடியோ, கண்ணாடி மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓடிவந்து மீட்டரைப் பார்ப்பது. எதிலும் மாறவில்லை. கடைசியில் ஃபியூஸுக்கே வராமல் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்கு வரும் தடித்த வயர் ஒன்றுதான் மிச்சம். டைனமோ என்று எலக்ட்ரீசியன் சொன்னது அந்த ஆல்டர்னேட்டரைத்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது அதுதான். மீட்டரைப் பிரித்து வைத்துவிட்டு, வண்டியோடு வந்த ஸ்பேனரால் அந்த வயரைக் கழற்றி, துணியைச் சுற்றி ஒதுக்கிக் கட்டினேன். மறுபடி மீட்டரை இணைத்தபோது புள்ளி பூஜ்யம் இரண்டு.

சார்ஜ் கொடுக்கவேண்டியதே நின்ற வண்டியிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டருக்குள் டயோடுகள் இருக்கும். கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுவது அவற்றின் வேலை. ஒரு டயோடு கெட்டால் எஞ்சின் ஓடும்போது சார்ஜ் குறையும், நின்றபின் கரண்ட் பின்பக்கமாகக் கசியும். எலக்ட்ரீசியன் பார்த்த பதிமூன்றும், ஞாயிறு நின்று திங்கள் செத்த பேட்டரியும் ஒரே காரணத்தால்தான்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்தத் திங்கட்கிழமை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தபோது எலக்ட்ரீசியன் சொன்னதால், மாமா தினமும் காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே வந்து டீ குடிப்பார். அந்த நேரத்தில் போய் மீட்டரை ஏ.சி., அதாவது மாறுமின்னோட்டம் அளக்கும் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் அலைந்தது. டயோடு நன்றாக இருந்தால் அவ்வளவு வராது. டம்ளரோடு மாமா பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"என்னம்மா செய்யிற?"

"சும்மாதான் மாமா. டைனமோல டயோடு போயிருக்கோன்னு பாத்தேன்."

"அவன்தான் டைனமோ நல்லாருக்குன்னு சொன்னானே."

"இல்ல மாமா, பதிமூணு பத்தாது. பதினாலுக்கு மேல வரணும்."

மாமா மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கை வச்சிராதம்மா, ஃபேன் சுத்துது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். என் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

அன்று மதியம் கணவருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் எண்களோடு சொன்னேன். அவர் ஒரு மீட்டிங்குக்குப் போகிற வழியில் இருந்தார். "சரி சரி. வர்ற ஞாயித்துக்கெழம நான் வந்து அவனக் கூப்பிட்டுப் பேசுறேன். நீ அதப் போட்டு நோண்டாத. அத்தா தப்பா நெனைக்கப் போறாக" என்றார்.

"பிள்ளைக்கு எதுனா ஆனா?"

"அதான் அத்தா இருக்காகள்ல."

அந்த வாரம் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த ஒரு சிவகாசி டாக்டரிடம் பிள்ளையைக் காட்டவேண்டியிருந்தது. மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது சைஸ் பெட்டியின் சாம்பிளைக் கொடுக்கவேண்டும் என்று வண்டியைத் திருப்பினார். நானும் பிள்ளையும் பின்சீட்டில் இருந்தோம்.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஃபோன், தீப்பெட்டி எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தக் கம்பெனியில், கேட்டை ஒட்டி உள்ளே இருக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, பேட்டரி கரண்ட்டையே துண்டிக்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதற்காக மாமா லாரிகளில் இருப்பதுபோல ஒரு கட்-ஆஃப் சுவிட்சைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்தி வைத்திருக்கிறார். சிவப்பு நிறத்தில் ஒரு திருகு. திருகினால் பேட்டரிக்கும் வண்டிக்கும் தொடர்பு அறுந்துவிடும். வீட்டில் நிற்கும்போது அதைத் தொடமாட்டார். திருகினால் அலாரம் வேலை செய்யாது.

வண்டி கொட்டகைக்குள் நுழைந்தது. வாட்ச்மேன் கையைத் தூக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மாமா குனிந்து சிவப்புத் திருகைத் திருப்பினார். காற்று வரும் சத்தம் ஒரு கணம் 'உய்ங்' என்று ஏறி இறங்கியது. டாஷ்போர்டில் ஒரு விளக்கு பளிச்சென்று மின்னியது. அப்புறம்தான் அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"பாய்தாம்யா கரெக்டு. மத்தவனெல்லாம் நான் கத்துனாத்தான் கட் பண்ணுவான்" என்றார் வாட்ச்மேன்.

"வெடி ஆபீஸுக்குள்ள வெளாட்டா?" என்று மாமா சிரித்தார்.

நான் எட்டி அந்தச் சிவப்புத் திருகைப் பார்த்தேன். ஓடும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை அறுத்துவிட்டால், அது கொடுத்துக்கொண்டிருக்கும் கரண்ட் போக இடமில்லாமல் வோல்ட்டேஜ் எகிறும். எகிறுவதைத் தாங்குவது டயோடுகள்தான். ஒருநாள் தாங்கும், பத்து நாள் தாங்கும். வாரத்துக்கு நாலு தடவை, இரண்டு வருடம் தாங்காது. இரண்டாமாண்டுப் பாடத்தில் வருவதுதான். சுருளில் ஓடும் கரண்ட்டைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

இது யார் தவறு என்று கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு விபத்துச் செய்தி வந்த அன்று, மாமா வீடு திரும்பத் தாமதமானபோது நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் வந்ததும் அழுதேவிட்டேன். கம்பெனியின் கட்டுப்பாட்டுக்கு அந்தச் சுவிட்சைப் போடச் சொன்னதே நான்தான். "கேட்டுக்குள்ள நொழைஞ்சதுமே மொதல்ல பேட்டரிய கட் பண்ணிருங்க மாமா. எஞ்சின் ஓடுனாலும் பரவாயில்ல. ஸ்பார்க்குக்குக் காரணமே பேட்டரிதான்" என்று சொன்னேன். இயற்பியல் படித்தவள் என்ற தோரணையோடு சொன்னேன். இந்த வீட்டில் என் படிப்பை நம்பி யாராவது எதையாவது செய்தார்கள் என்றால் அது இது ஒன்றுதான். மாமா ஒருநாள்கூடத் தவறாமல் செய்துவந்திருக்கிறார்.

டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் புது டயோடு போட்டாலும் திரும்பக் கெடும். திரும்ப ஒருநாள் விடிகாலையில் வண்டி கிளம்பாது. சொன்னால் நான் சொன்னதும் சேர்ந்து வரும். கணவர் வரட்டும், அவரிடம் தனியாகச் சொல்லி, அவர் மூலமாக மாமாவுக்கு நோகாமல் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அது நல்ல முடிவாகத்தான் பட்டது.

கணவர் சனிக்கிழமை வந்தார். வந்ததும் எலக்ட்ரீசியனுக்கு ஃபோன் செய்து, "டயோடு போயிருக்கும்னு தோணுதுண்ணே, கழட்டிப் பாருங்க" என்றார். நான் மூன்று வாரமாகக் கண்டுபிடித்தது அவருக்குத் தோன்றிவிட்டது. எலக்ட்ரீசியன் உடனே வந்து டைனமோவைக் கழற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கணவரிடம் தனியாகப் பேசுவதற்கு முன்பே, சரிசெய்து எடுத்துவந்து மாட்டிவிட்டார். எல்லோரும் வாசலில் நின்றோம்.

"தம்பி சொன்னது கரெக்டு பாய். டயோடு ஒண்ணு போயிருச்சு" என்று டயோடுகள் பதிந்த பழைய தகட்டைக் காட்டினார். "ஆனா இது தானாப் போகாது. யாரோ வண்டி ஓடும்போதே பேட்டரி கனெக்ஷன எடுத்துருக்கீக. யாரு கை வச்சது?"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவதான் மத்தியானம் மத்தியானம் பானட்டத் தொறந்து வச்சு வயரக் கழட்டிக்கிட்டுக் கெடந்தா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னா ஒங்களுக்கெல்லாம் கோவம் வரும்னு வாயத் தொறக்கல."

எலக்ட்ரீசியன் சிரித்தார். "அப்பிடி வாங்க. ஏம்மா, இதுல போயி வெளாடுவாகளா?"

கணவர் என்னிடம், "நோண்டாதன்னு சொன்னேன்ல?" என்றார்.

நோகாமல் சொல்வதற்கு நான் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் அப்போது வரவில்லை. "நான் வண்டி நிக்கும்போதுதான் கழட்டுனேன். அதுவும் இந்த மூணு வாரமாத்தான். வண்டி அதுக்கு முன்னாடியே கெட்டாச்சு" என்றேன். "மாமாதான் கம்பெனி கேட்ல எஞ்சின் ஓடும்போதே செவப்புத் திருக அணைக்கிறாக. வேணும்னா வாட்ச்மேனக் கேளுங்க."

வாட்ச்மேனை ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிட்டது. இத்தனை வருடமாக மாமாவை 'பாய் பாய்' என்று மரியாதையோடு கூப்பிடும் மனிதர் முன்னால் நான் அதைச் சொல்லிவிட்டேன். மாமாவின் முகம் ஒன்றும் மாறவில்லை. ஏதோ கணக்குத் தப்பினவர் மாதிரி யோசித்தார்.

"நீதானம்மா அப்பிடிச் செய்யச் சொன்னே" என்றார். கோபமே இல்லை. "எஞ்சின் ஓடுனாலும் பரவாயில்ல, மொதல்ல பேட்டரின்னு சொன்னே. அதான் செஞ்சேன்."

"ஆமா மாமா. நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"ஆகமொத்தம்," என்றார் மாமி, "நான் சொன்னதுல என்ன தப்பு?"

எலக்ட்ரீசியன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது கணவர் சொன்னார்: "விடுங்க, யாரா இருந்தா என்ன? அதான் வண்டி சரியாயிருச்சுல்ல."

அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள், வந்தவர் போனவர் எல்லோருக்கும் யார் என்று தெரியவேண்டியிருந்தது. உள்லைட்டை அணைக்காதவள் யார் என்று தெரிந்துகொண்டுதான் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்தார்கள். பிள்ளை மாஸ்க்கோடு படுத்திருக்கும்போது அவள் தலைக்கு மேலேயே அதைப் பேசினார்கள். அன்றைக்கு ஒருவர்கூட 'யாரா இருந்தா என்ன' என்று கேட்கவில்லை. நான் சொன்ன ஒரு தப்பான யோசனையை ஒத்துக்கொண்டுவிட்டேன். செய்யாத ஒன்றை என் தலையில் கட்டியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அந்த வாசலில் பேசப்படவே இல்லை.

எலக்ட்ரீசியன் எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பதினான்கு புள்ளி இரண்டு. நான் எட்டிப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, "சாவியக் குடுங்க மாமா" என்றேன்.

அப்படி நான் எதையும் அவரிடம் கேட்டது கிடையாது. மாமி, "இப்ப என்ன அவசரம்?" என்றார். நான் கையை மடக்கவில்லை. "பிள்ளைக்கு எப்ப வேணா வரும் மாமி. அப்ப நான் யாரையும் தேடிட்டு இருக்க முடியாது."

மாமா காருக்குள் குனிந்து எஞ்சினை முதலில் அணைத்தார். சாவியை எடுத்தார். சட்டைப்பைக்கு ஒருமுறை கை போய்த் திரும்பியது. பிறகு என் கையில் வைத்தார். "எஞ்சின் மொதல்ல, திருகு அப்பறம். அப்பிடித்தானம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எதற்கு என்று தெளிவாகத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை, சிவகாசிக்குப் போக நான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "நீ வச்சுக்கம்மா. பிள்ளைக்கு வேணும்ல" என்று, பெட்டி சாம்பிள்களைச் சணல் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாளும் அப்படியே. சீசன் நேரத்தில் ஆர்டர் கூடி, கட்டு பெரிதானபோதும் அப்படியே. ஒரு மாதத்தில் கம்பெனிக்காரர்கள், 'பாய் கார வித்துட்டாரா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். 'மருமக வச்சிருக்கா' என்று சொல்கிறாராம். நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் எந்தக் குரலில் அதைச் சொன்னார் என்று கேட்டேன். சாதாரணமாத்தான் சொன்னாக என்றாள். அவள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் பிள்ளைக்கு மறுபடி இளைத்தது. வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கவேண்டிய ஒன்றா என்றுதான் தோன்றியது. திரும்பும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை வலித்தது.

போன வாரம் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்கட்டு தரையில், வெயில் நேராக முகத்தில். ஓரமாக நிறுத்தி கண்ணாடியை இறக்கினேன்.

"ஏறுங்க மாமா. நான் கொண்டுபோயி விடுறேன்."

"வேணாம்மா, பஸ்ஸு இப்ப வந்துரும்."

"எனக்கு வேலை ஒண்ணும் இல்ல மாமா. ஏறுங்க."

"நீ போம்மா" என்றார். சாலையைப் பார்த்துக்கொண்டே, "இங்கன நின்னுக்கிட்டே ஓடவிட்டா பேட்டரிக்கு எதுனா ஆயிரும்" என்றார்.

ஆகாது என்று எனக்குத் தெரியும். சிவகாசி பஸ் வந்தது. முதலில் பெட்டிக்கட்டைப் படியில் தூக்கி வைத்தார்; உள்ளே இருந்த யாரோ இழுத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் வண்டியை நகர்த்தினேன்.